இருந்து அடித்தால் அடியில்லை

மச்சானைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு நாரி போய்விட்டது.

மச்சான் என்றால் என் பெண்சாதியின் தமையன். என் வயதுதான். வடக்கில் சண்டை முடிந்தது என்று றேடியோவில் சொன்ன கிழமை அவனுக்கு வாதம் வந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அவன் கிணற்றடியில் வாளியோடு விழுந்து கிடந்தான். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. வாயும் கோணியது. பிறகு வாய் மட்டும் நேராகிவிட்டது. அது எங்களுக்குத்தான் கஷ்டமாய்ப் போனது.

அவன் பெண்சாதியை முன்னமே கடல் கொண்டு போனது. மகன் ஒருவன் இருந்தான். சண்டைக் காலத்தில் போனவன் வரவில்லை. மிச்சம் ஒரு மகள். அவள் புளியந்தீவில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறாள். கடைக்கு மேலே அறை, ஏணி மாதிரிப் படி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அங்கே இவனை எப்படி ஏற்றுவது.

கடல் வந்ததற்குப் பிறகு எங்களைக் கரையில் இருக்க விடவில்லை. வாவிப் பக்கமாக வீடு கட்டித் தந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி வீடு. எனக்கும் மச்சானுக்கும் அடுத்தடுத்த வளவு. கக்கூசு வீட்டுக்குப் பின்னால், வேலியோரம். கட்டினவர்கள் வாதக்காரனை நினைத்துக் கட்டவில்லை. வெள்ளென நான் வாவிக்கு வலை வீசப் போகமுதல் அவனை அதுவரை கொண்டு போக வேண்டும். பாதித் தூரம் இழுப்பேன், பாதித் தூரம் தூக்குவேன். அவன் உடம்பில் சதை இல்லை. எலும்பு என்ன பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது.

மகள் ஒருநாள் வந்து பார்த்தாள். நான் நாரியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்ததையும் கண்டாள்.

"மாமா, அப்பா தானா எழும்பிக் கக்கூசுக்குப் போய் வந்தா இஞ்சயே இரிக்கட்டும். இல்லாட்டி நான் முதியோர் இல்லத்தில சேர்க்கப் போறன். நீங்களும் மாமியும் விழுந்தா ஆர் பாக்கிற?"

"பாப்பம் மகள்."

"எவ்வளவு காலம் பாக்கிற? வைகாசிச் சடங்கு முடியட்டும். முடிஞ்ச கையோட வாறன்."

அவளில் பிழை சொல்ல ஏலாது. மச்சான் கட்டிலில் கிடந்து முகட்டைப் பார்த்தான். அவள் போன பிறகு, "அங்க சோத்துக்கு மணி அடிப்பாங்களாம்" என்றான். மறுகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆசுபத்திரியில் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற ஒரு நோனா அவனுக்குக் காலை நீட்டி மடக்கக் காட்டிக் கொடுத்திருந்தா. அவ சொன்னது சரி. அசைக்காமல் விட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று எனக்கும் விளங்கும்படி சொன்னா. நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய் நின்று, "காலை நீட்டு" என்பேன்.

"என்னத்துக்கு?"

"நீட்டு."

"சும்மா கிடந்து காத்தை உதைக்கச் சொல்றாய். காத்து எனக்கு என்ன செய்தது?"

காலை நானே பிடித்து நீட்டினால் செத்த மீன் மாதிரி விட்டுவிடுவான். கையை எடுத்தால் விழும். இப்படியே மாதங்கள் போயின. எனக்குப் பத்திக்கொண்டு வரும். வாவிக்குப் போய் வலையை வீசி வீசிக் கோபத்தை ஆற்றுவேன். கோபத்தில் வீசின வலை விரியாது. அதிலும் நட்டம்.

அந்த நேரம் எங்கள் பொது மண்டபத்தில் வயது போனவர்களுக்கு விளையாட்டு என்று தொடங்கினார்கள். வெளியூரில் இருந்து ஒரு பெண் பிள்ளை கிழமைக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வரும். நல்ல பிள்ளை. எங்களை ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடும். சுவரில் துணி கட்டி எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாரம்பரிய விளையாட்டு, ஆரோக்கிய முதுமை.

முதல் நாள் றப்பர் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தோம். பாட்டு நின்றால் பந்து யார் கையில் இருக்கிறதோ அவருக்கும் கைதட்டு. அடுத்த கிழமை போத்தலுக்கு மேல் வளையம் வீசினோம். விழுந்தாலும் சவர்க்காரப் பெட்டி, விழாவிட்டாலும் சவர்க்காரப் பெட்டி. எங்கள் வீட்டில் சவர்க்காரத்தைவிடச் சவர்க்காரப் பெட்டி கூடிவிட்டது.

"பிள்ளை, கிட்டி அடிப்பமே" என்று ஒரு கிழவன் கேட்டான்.

"ஐயோ ஐயா, கண்ணில படும்."

"இந்த வயதில கண்ணால என்ன பாக்கிறது கிடக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தது. ஆனால் கிட்டி வரவில்லை.

மச்சானைக் கதிரையோடு தூக்கிப் போய் அங்கே வைப்போம். பந்து அவன் மடியில் விழுந்தால் விழுந்தபடி கிடக்கும். பக்கத்தில் இருக்கிறவர் எடுத்துக் கொடுப்பார். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பான். தூக்கிப் போனதும் தூக்கி வந்ததும்தான் மிச்சம். அதுவும் என் நாரியில்.

பிறகு ஒரு கிழமை அந்தப் பிள்ளை கயிறு கொண்டு வந்தது. கதிரையில் இருந்தபடியே இழுக்கலாம் என்றது. இரண்டு பக்கமும் கதிரையை வரிசையாகப் போட்டு, எங்களுக்குச் சிவப்பு நாடா, பச்சை நாடா கட்டிவிட்டது. ஒருவர் விட்டு ஒருவர். சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம்.

அதில்தான் பிழை வந்தது. அந்தப் பிள்ளைக்கு எங்கள் ஊர் தெரியாது.

எங்கள் ஊரில் பிறந்த எல்லோருக்கும் சேரி உண்டு, கட்சி மாதிரி. வடசேரி, தென்சேரி. அது தகப்பன் வழி. நான் வடசேரி. மச்சான் தென்சேரி. அவன் தங்கை, என் பெண்சாதியும் தென்சேரிதான். கல்யாணம் கட்டினதற்காகச் சேரி மாறாது. அம்மன் கோயில் சடங்குக் காலத்தில் கொம்பு இழுப்போம். வளைந்த இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று கொழுவி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுக்கிறது. முறிந்த பக்கத்துக்கு வருசம் முழுக்க வசைதான். சோறு போடும்போதும் பெண்சாதி வசை பாடுவாள். இழுக்கிற நாளில் ஒரு வீட்டுக்குள் புருசனும் பெண்சாதியும் முகம் பார்த்துக் கதைக்கிறதில்லை. சண்டைக் காலத்தில் கூட்டம் கூட விடவில்லை. பிறகு கடல் வந்தது. கொம்பு பூட்டி எத்தனையோ வருசம் ஆகிவிட்டது.

கயிறு என்று கண்டால் எங்களுக்கு அந்த ஞாபகம்தான். என் பெண்சாதிக்கும் எனக்கும் ஒரே சிவப்பு. அவள் நாடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வடசேரியானோட சேர்ந்து நான் இழுக்கவா?" என்று எழும்பிவிட்டாள். அங்காலே போய் ஒரு வடசேரிக் கிழவியிடம் பச்சையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து எல்லோரும் நாடா மாற்றத் தொடங்கினார்கள். கதிரைகள் இழுபட்டன. அந்தப் பிள்ளை ஒன்றும் விளங்காமல் நடுவில் கயிற்றோடு நின்றது.

"என்ன அம்மா நடக்குது?"

"ஒண்டுமில்ல பிள்ளை. இப்பதான் சரி. விசிலை ஊது."

மச்சானுக்குப் பச்சை. தென்சேரி வரிசையில் முதல் கதிரை. அவனுக்கு நேரே வடசேரியில் நான். அவன் வலது கையால் கயிற்றைப் பிடித்துக் கமக்கட்டுக்குள் செருகினான். அன்றைக்குத்தான் அவன் கூரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"நாரியப் பிடிச்சுக்கோ மச்சான். கழண்டு விழப்போகுது."

"நீ முதல் உன்ட சாரத்தைப் பிடி" என்றேன்.

விசில் ஊதினது. இழுத்தோம். இழுவை என்றால் இழுவை. பின்னால் இருந்த கிழவிகள் பழைய வசைகளை எடுத்துவிட்டார்கள். ஒருவரையொருவர் தகப்பன் பேரைச் சொல்லி ஏசினார்கள். நான் மச்சானின் காலைக் கண்டேன். இடது கால். ஆசுபத்திரியிலும் வீட்டிலும் செத்துக் கிடந்த கால், நிலத்தைத் தேடி ஊன்றியது. குதி வெளுக்க ஊன்றியது. நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

கயிறு திடீரென்று தளர்ந்தது. என் பின்னால் இருந்தவர்கள் கையை விட்டுவிட்டார்கள். நான் கதிரையோடு முன்னால் போனேன். தென்சேரி வென்றுவிட்டது. அந்தப் பிள்ளை கைதட்டியது. மச்சானின் மடியில் ஒரு சவர்க்காரப் பெட்டியை வைத்தது.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் இருந்தவன் மெல்லச் சொன்னான். "மிஸ்தான் கண்ணைக் காட்டினா. அந்த ஐயாவ வெல்ல விடுங்க எண்டு காதுக்குள்ள சொன்னா. பாவம்தானே எண்டு விட்டம்."

மச்சானுக்கு அது காதில் விழத் தேவையில்லை. கயிறு பிடித்தவனுக்குக் கயிறு சொல்லும். அவன் சவர்க்காரப் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"விட்டுட்டாய்" என்றான்.

"நான் விடேல்ல."

"வடசேரியான் விட்டான்."

"நான் விடேல்லயடா. பின்னால இருந்தவனுகள்."

அவன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. மண்டபத்துக்கும் வரவில்லை. காலையில் தூக்கப் போனால் கண்ணை மூடிக்கொள்வான். என் தோளில் கை போட மாட்டான். கை போடாதவனைத் தூக்குவது இரட்டிப்புப் பாரம். அவனுக்கு நான் பிச்சை போட்டேன் என்று நினைத்தான். நான் ஒருவன்தான் விடாமல் இழுத்தேன். அதை யாரிடம் சொல்லி என்ன.

அந்தப் பிள்ளை என்னிடம் வந்து கேட்டது, ஐயா ஏன் வருவதில்லை என்று. நடந்ததைச் சொன்னேன். முகம் சின்னதாகிவிட்டது.

"அவருக்குச் சந்தோசமா இருக்கட்டும் எண்டுதான் செய்தன் ஐயா."

"தெரியும் பிள்ளை."

"தோத்தா மனம் உடைஞ்சிடுமெண்டு பயந்தன்."

"அவன் தோத்துப் பழகின ஆள்" என்றேன். "பாவம் பாத்தாத்தான் அவனுக்குத் தாங்காது."

"அப்ப என்ன செய்யலாம் ஐயா?" என்றது. எனக்கும் தெரியாது என்று சொன்னேன். தெரியாதுதான்.

சடங்குக் காலம் கிட்டி வந்தது. கொம்பு இந்த வருசமும் இல்லை என்று சொன்னார்கள். கயிறு இழுக்க ஆள் இல்லை, கட்டை வெட்ட ஆள் இல்லை. சரி, கொம்புக்கு ஊர் வேண்டும். போர்த்தேங்காய்க்கு இரண்டு பேர் போதும்.

போர்த்தேங்காய் கொம்புக்கு முதல் அடிக்கிறது. சிரட்டை தடித்த தேங்காயாகப் பார்த்துத் தேடி உரித்து வைத்திருப்போம். ஒருவன் தன் தேங்காயை வைப்பான், மற்றவன் தன் தேங்காயைக் கையில் பிடித்து அதன் மேல் ஓங்கி அடிப்பான். உடையாவிட்டால் மாறி மற்றவன் அடிப்பான். அடித்ததோ வைத்ததோ, எவன் தேங்காய் உடைந்ததோ அவன் தோற்றான். உடைந்த தேங்காய் வென்றவனுக்கு. எங்கள் ஊரில் இன்னொரு சட்டமும் இருந்தது. அடிக்கிறவன் நின்றுதான் அடிக்க வேண்டும். இருந்து அடித்தால் அது அடியில்லை.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய ஊருக்குப் போனேன். கடற்கரையில் வீடு ஒன்றும் இல்லை. அத்திவாரம் கிடக்கிறது, கிணறு கிடக்கிறது. தென்னைகள் சில நிற்கின்றன. உப்புத் தண்ணீர் நின்றதற்குப் பிறகு அந்த மரங்களில் காய் சிறுத்துவிட்டது. சிறுத்தாலும் சிரட்டை கல்லு. மச்சானின் வளவில் இரண்டு மரம் நின்றது. அதில்தான் பிடுங்கினேன். வேறு மரம் எட்டவில்லை.

வீட்டுக்கு வந்து உரித்தேன். என் பெண்சாதி பார்த்துக்கொண்டு நின்றாள். உரலை உருட்டத் தொடங்கினபோது கேட்டாள்.

"உரல எங்க கொண்டு போறீங்க?"

"உன்ட அண்ணன்ட வளவுக்கு."

"என்னத்துக்கு?"

"அவன உடைக்க."

அவள் பானை வைக்கிற திருகணியை எடுத்துத் தந்தாள். தேங்காய் உருளாமல் இருக்க.

மச்சானின் கட்டிலை வேப்ப மரத்தடியில் போட்டிருந்தோம். அதற்குக் கிட்ட உரலைக் கவிழ்த்து, மேலே திருகணியை வைத்து, அதில் ஒரு தேங்காயை வைத்தேன். "இது உன்ட. இது என்ட" என்று காட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"முதல் அடி எனக்கு" என்று சொல்லி ஓங்கி அடித்தேன். அவன் தேங்காய் பிளந்தது. தண்ணீர் அவன் காலில் தெறித்தது. நான் பாதிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சம்பல்.

அடுத்த நாளும் போனேன். உடைத்தேன். அதற்கடுத்த நாளும். ஒவ்வொன்றுக்கும் சத்தமாகச் சொல்வேன், "தென்சேரி போச்சு" என்று. ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். கிழட்டு வயதில் இப்படிச் செய்ய எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. எனக்குத் தேங்காயும் முடிந்துகொண்டு வந்தது, பொறுமையும் முடிந்துகொண்டு வந்தது.

பிறகு ஒரு நாள், நான் ஓங்கின கையோடு நிற்க, அவன் வாய் திறந்தான்.

"வச்ச வளம் பிழை."

"என்ன?"

"என்ட தேங்காய வளம் பிழையா, பக்கம் மாத்தி வச்சு உடைக்கிறாய். கள்ளன். நீங்க பரம்பரையாக் கள்ளன்."

"அப்ப நீ வச்சுப் பார்."

அவன் வலது கையை ஊன்றிக் கட்டிலில் எழும்பி இருந்தான். இரண்டு மூன்று தரம் சரிந்தான். நான் பிடிக்கப் போகவில்லை. தேங்காயைக் கையில் எடுத்து நகத்தால் தட்டினான். காதில் வைத்துத் தட்டினான். சுற்றிப் பார்த்தான்.

"இது என்ட கிணத்தடி மரத்துக் காய்."

"ஓம்."

"என்ட மரத்துக் காயால என்னையே அடிக்கிறாய்."

"வேற மரம் எட்டேல்ல."

அவன் கொஞ்ச நேரம் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். அந்தக் கிணற்றடியில்தான் அவன் பெண்சாதி கடல் வந்த அன்றைக்கு உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றவ. பிறகு தேங்காயைத் தன் வளத்தில் வைத்தான். நான் அடித்தேன். உடையவில்லை.

"இப்ப என்ட அடி" என்றான்.

"அடி."

கட்டிலில் இருந்தபடியே கையை ஓங்கினான்.

"இருந்து அடிச்சா அடியில்ல" என்றேன்.

"ஆருக்குச் சட்டம் சொல்றாய்?"

"உனக்குத்தான். நின்டு அடி."

"ஏலாதவனுக்கும் சட்டமா?"

"ஏலாட்டித் தோத்தன் எண்டு சொல்லு. நான் போறன். எனக்கு வலை பின்னக் கிடக்கு."

அவன் என்னை ஏசின ஏச்சைச் சொல்ல ஏலாது. ஏசி முடித்து எழும்பப் பார்த்தான். ஏலவில்லை. நான் கிட்டப் போனேன். "கையை வைக்காத. வடசேரியான் பிடிச்சு நான் நிக்கிறதா" என்றான். என் பெண்சாதி வேலிக்கு அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், வந்து அவன் இடுப்பைப் பிடித்தாள். நின்றான். கை ஓங்குமுதல் திரும்ப இருந்துவிட்டான். அவ்வளவுதான் அன்றைக்கு.

அடுத்த நாள் வள்ளம் ஊன்றுகிற கம்பைக் கொண்டுபோய் உரலுக்குப் பக்கத்தில் ஆழமாக நட்டேன். இடது தோளை அதில் சாய்த்தால் நிற்கலாம். சாய்ந்து நின்று அடித்தான். அடி பிழைத்துத் திருகணியில் விழுந்தது. அது அடிதான். கணக்கு.

ஒருநாள் விழுந்தும் விட்டான். கம்பில் சாயாமல் பவுசுக்கு அடித்தவன், உரலுக்கு அங்கால் போய் விழுந்தான். நெற்றியில் காயம். அவன் தங்கை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட அண்ணனக் கொல்லப் பாக்கிறீங்களா?"

"அவன் கம்பைப் பிடிக்கேல்ல."

"நீங்க வசை பாடினீங்க."

"பாடினாத்தானே எழும்புறான்."

"எழும்பி விழுறதுக்கா?"

ஒரு கிழமைக்கு மச்சான் கட்டிலை விட்டு எழும்பவில்லை. உரலை மழை நனைத்தது. காலையில் திரும்பவும் தூக்கினேன். ஆனால் இப்போது என் தோளில் கை போட்டான். தூக்கும்போது காதுக்குள், "கண்ணன் சிரட்டை ஒண்டு பாத்து வை" என்று மட்டும் சொன்னான். கண்ணன் சிரட்டை என்றால் கறுத்துத் தடித்தது என்று அவன் பாஷை. எனக்கு எங்கே போய்ப் பிடுங்குவது என்று இருந்தது.

சடங்கு முடிந்தது. அதற்கு முந்தின பின்னேரங்களில் திரும்பவும் அடித்தோம். அவன் ஒருதரமும் வெல்லவில்லை. நான் விட்டுக் கொடுக்கவும் இல்லை. மகள் வருவதற்கு முதல் நாள், நான் அடித்து அவன் தேங்காய் உடையாமல் நின்றது. அவன் முறை. கம்பைப் பிடித்து எழும்பவும் மழை கொட்டியது. தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். அவன் அடி பாக்கியாய் நின்றது.

அடுத்த நாள் மகள் வான் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் உடுப்பை எல்லாம் ஒரு பையில் அடுக்கினாள். நான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன், அப்பா நிற்கிறார் என்று.

"மாமா, சும்மா சொல்லாதீங்க."

"பார் மகள். மச்சான், எழும்பிக் காட்டு."

மச்சான் கட்டிலில் இருந்தான். அசையவில்லை.

"காட்டடா."

"நான் என்ன குரங்கா?" என்றான். "எழும்பு இரி எண்டு ஆட்டிக் காட்ட?"

"உன்ட மகளுக்குத்தானே."

"ஆருக்கும் காட்டமாட்டன். கூட்டிப் போறதெண்டாக் கூட்டிப் போகட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள், இத்தனை தேங்காய், என் நாரி. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறான். எனக்கு அவனைத் தூக்கி வானுக்குள் நானே போட வேண்டும் போல இருந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்கு ஏலாது மாமா. வற்புறுத்தாதீங்க" என்றாள். வான்காரன் கதவைத் திறந்தான்.

அப்போது என் பெண்சாதி வேப்ப மரத்தடிக்குப் போனாள். மச்சானின் நேற்றைய தேங்காய் உரலில் திருகணிக்குள் அப்படியே இருந்தது. அதை எடுத்து ஈரத்தைச் சீலையில் துடைத்தாள். என் தேங்காயை அந்த இடத்தில் வைத்தாள்.

"அண்ணன் போகட்டும்" என்றாள். "நேத்தையான் அடி நிக்குது. நின்ட அடிய வச்சிட்டுப் போனா, அந்தச் சேரியில ஒராள் அடிச்சு முடிக்க வேணும். நானும் தென்சேரிதான். நான் அடிக்கிறன்."

போர்த்தேங்காய் பெண்கள் அடிக்கிறதில்லை. எங்கள் ஊரில் நான் காணவில்லை. அவள் சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை ஓங்கினாள். விளையாட்டாக அல்ல. அடிக்கத்தான் நின்றாள்.

"வை கீழ" என்றான் மச்சான்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வை எண்டன்."

"அப்ப ஆர் அடிக்கிற? நீங்கதான் போறீங்களே."

மச்சான் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தான். எழும்பினான். கட்டிலுக்கும் கம்புக்கும் இடையில் கொஞ்ச வெளி. அதை ஒருநாளும் அவன் தனிய நடந்ததில்லை. இடது காலை நிலத்தில் இழுத்துக்கொண்டு நடந்தான். மகள் "அப்பா" என்று ஓடப் பார்த்தாள். நான் கையை நீட்டி மறித்தேன். அவன் தோளைக் கம்பில் கொண்டுபோய் முட்டினான். தங்கையின் கையில் இருந்து தேங்காயைப் பறித்தான். என் தேங்காயை ஒருக்காப் பார்த்தான். ஓங்கி அடித்தான்.

உடைந்தது அவனுடையது. சிரட்டை கையில் பிளந்து, தண்ணீர் முழங்கை வழியாக ஓடியது. என் தேங்காய் திருகணிக்குள் அசையாமல் இருந்தது.

"தென்சேரி போச்சு" என்றேன். வேறென்ன சொல்ல.

"மற்றத எடு" என்றான். அவன் இருக்கவில்லை. கம்பில் சாய்ந்தபடி கையை நீட்டிக்கொண்டு நின்றான். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? எடடா."

மகள் பையைக் கீழே வைத்தாள். "எப்ப இருந்து மாமா இப்பிடி?" என்றாள்.

"நான் சொன்னன்தானே."

வானைத் திருப்பி அனுப்பினாள். ஆடி அமாவாசைக்குத் திரும்ப வருவேன், அதற்குள் தானாகக் கக்கூசுக்குப் போகாவிட்டால் கதையே இல்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனாள். மண்டபத்துப் பிள்ளை கேள்விப்பட்டுக் கமராவோடு வந்தது. மச்சான் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். எவ்வளவு கேட்டும் எழும்பவில்லை. அது என்னைப் பார்த்தது. "என்னைப் பாக்காத பிள்ளை" என்றேன். கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, அது உரலையும் கம்பையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "ஐயா, அடுத்த கிழமை மண்டபத்துக்கும் ஒரு உரல் கொண்டு வரலாமா?" என்று கேட்டது. எல்லோரும் நின்று அடிக்கட்டும், தோற்றவருக்குச் சவர்க்காரப் பெட்டி இல்லை என்றது. பாரம்பரியம் என்றால் அதுதான் என்று நான் சொல்லப் போகவில்லை. உரலை யார் தூக்குவது என்றுதான் கேட்டேன்.

மகள் போன அடுத்த நாள் வெள்ளென, இருட்டு விலக, வழமைபோல அவனைத் தூக்கப் போனேன். நாரியைக் கையால் அமத்திக்கொண்டு போனேன். கட்டில் வெறுமையாக இருந்தது.

பின்னால் போனேன். கக்கூசுக் கதவு திறந்து கிடந்தது. வாளி கவிழ்ந்து தண்ணீர் வாசல் முழுக்க ஓடியிருந்தது. கப்பி மண்ணில் ஒரு கால் தடமும் ஒரு இழுத்த கோடும். அந்தக் கோடு வேலியோரமாக வேப்ப மரத்தடிக்குப் போனது.

அவன் உரலில் இருந்தான். சாரம் பாதி நனைந்திருந்தது. நான் எனக்கென்று பார்த்துப் பொறுக்கி வைத்த கறுத்த தேங்காயை மடியில் வைத்து நகத்தால் தட்டிக்கொண்டிருந்தான்.

"அது என்ட" என்றேன்.

"பேர் எழுதிக் கிடக்கா?"

"வாளியக் கவிட்டிட்டு வந்திருக்கிறாய்."

"ஓம்."

நான் திரும்பிப் போய் வாளியை நிமிர்த்தினேன். கிணற்றில் அள்ளி நிரப்பினேன். வாசலைக் கழுவினேன். வலைக்குப் போக நேரம் பிந்திவிட்டது.